எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம்

மணமைக் கிராமத்து நீலமேகம் பதினேழு வருசம் லாரி ஓட்டியவன். அதற்கப்புறம் நாலு வருசமாகக் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ். காலையில் மகாபலிபுரத்தில் எடுத்தால் வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குள் அணுமின் நிலைய வாசலில் நிறுத்திவிடுவான். இத்தனை வருசத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்கியதில்லை என்று சொல்லிக்கொள்வான்; அது உண்மையும்கூட. அப்படிப்பட்டவன், எழுபத்து நாலாம் வருசம் ஆயுத பூஜையன்று, எஞ்சினை அணைத்து, கைப் பிரேக் போட்டு, சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்து, சிவனே என்று நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து விழுந்து வலது காலை ஒடித்துக்கொண்டான்.

பஸ் கூரையில் மாவிலைத் தோரணம் கட்ட ஏறியிருந்தான். கீழே பூசணிக்காயோடு நின்ற மோசஸ், "மச்சான், எறங்கறப்போ பாத்து. ஏணில சந்தனம் பூசிக்கீது, வழுக்கும்" என்றான். மோசஸ் ஷெட்டில் மெக்கானிக். நீலமேகத்துக்குச் சின்ன வயசுக் கூட்டாளி.

"எனக்கு சொல்றியா நீ?" என்று நீலமேகம் கேட்டான். அந்தக் கேள்வி முடிவதற்குள் கீழே வந்துவிட்டான். பூசணிக்காய் உடையவில்லை. கால் உடைந்தது.

புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். முட்டை வெள்ளைக்கருவில் பச்சிலைப் பொடியைக் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்து, துணி சுற்றி, பாறை மாதிரி இறுகிப்போன கட்டு. நாற்பத்தைந்து நாள் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார் வைத்தியர்.

கால் வலி ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. அதற்கப்புறம் வலித்ததெல்லாம் பெண்டாட்டி வச்சலாவுக்குத்தான்.

வீடு ஒரே கூடம். ஒரு ஓரம் அடுப்பு, எதிர் ஓரம் நீலமேகத்தின் கயிற்றுக் கட்டில். ஒரே மகள் அம்சாவைத் திருக்கழுக்குன்றத்தில் கட்டிக்கொடுத்த பிறகு புருசன் பெண்டாட்டி இரண்டு பேர்தான். விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இருட்டின பிறகு திரும்பி வருகிறவன் பகலெல்லாம் வீட்டில் கிடந்தால் என்ன செய்வான்? பார்த்தான். பார்த்ததையெல்லாம் சொன்னான்.

"இன்னாமே, புளி கரைச்சி இம்மாம் நேரமா அப்பிடியே வெச்சிக்கிற?"

"அந்த வெறவ இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு."

"கஞ்சிய ஏன் கீழ ஊத்துற? மாட்டுக்கு வைக்கக் கூடாது?"

"எந்த மாட்டுக்கு?" என்றாள் வச்சலா. மாடு விற்று மூன்று வருசம் ஆகியிருந்தது. நீலமேகத்துக்கு அது ஞாபகம் இல்லை.

பத்தாம் நாள், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், அம்மியில் மிளகாயை எந்தப் பக்கமிருந்து அரைக்க வேண்டும் என்று அவன் ஆரம்பித்தான். வச்சலா குழவியைக் கீழே வைத்தாள்.

"யோவ். நீ பஸ்ஸு ஓட்றப்போ நான் வந்து கியரு போட்டனா?"

அன்று சாயங்காலம் மோசஸ் வந்தபோது அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "அண்ணாத்த, அந்த ஆளு வாய அடைக்கறதுக்கு எதுனா எடுத்தாந்து குடு. இல்லன்னா ரெண்டாவது காலையும் நானே ஒடைச்சிடுவேன்."

மோசஸ் மறுநாள் கல்பாக்கம் டவுன்ஷிப் கிளப்பு லைப்ரரியிலிருந்து ஒரு புத்தகத்தோடு வந்தான். பழுப்பு அட்டை போட்டுப் புதிதாகத் தைத்திருந்த புத்தகம். தைத்ததில் முதல் தாள் போய்விட்டதால் பெயரும் தெரியவில்லை, எழுதியவர் யார் என்றும் தெரியவில்லை. கட்டிலில் வைத்தபோது கயிறு தாழ்ந்தது.

"இன்னாடா இது, தலகாணி மாதிரி கீது?"

"சைசு பாத்து எடுத்தாந்தேன் மச்சான். அங்க கீறதுலயே இதான் பெருசு. எண்ணூத்திப் பன்னெண்டு பக்கம். உன் காலுக்கும் இதுக்கும் சரியாப் பூடும்." மோசஸ் படிக்கிற ஆள் இல்லை. "லைப்ரரிகாரரு எழுந்து நின்னு கையெழுத்து வாங்கினாரு. இதுக்கு முன்னாடி நாலு பேரு எடுத்துகினு போயி நாலு பேரும் ஒரே வாரத்துல குடுத்துட்டாங்களாம்."

அந்த நாலு பேரும் போன தடம் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. பதினோராம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட். இருபத்து மூன்றில் மூலை மடித்திருந்தது. நாற்பதில் ஒரு காய்ந்த வேப்பிலை. அறுபத்து நாலில் யாரோ பென்சிலால் "முடியல" என்று எழுதியிருந்தார்கள். அதற்கப்புறம் மனுசக் கை பட்ட அடையாளமே இல்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புதுசாக இருந்தன.

நீலமேகம் எட்டாவது வரைக்கும் படித்தவன். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிப்பான். அதில் முதல் வாரமே கொலை விழுந்துவிடும். இந்தப் புத்தகத்தில் ஒருவன் தெற்கத்திச் சீமையில் சுண்ணாம்புக் காளவாசலில் வேலை செய்கிறான். பேர் மருதமுத்து. வீட்டிலிருந்து காளவாசலுக்குப் போகிறான். காளவாசலிலிருந்து வீட்டுக்கு வருகிறான். பெண்டாட்டி "சாப்பிடுங்க" என்கிறாள். சாப்பிடுகிறான். இருபது பக்கம் ஆகிவிடுகிறது. நடுவில் வேப்பமரம் ஒன்று நாலு பக்கத்துக்கு நிற்கிறது.

"இது வாணாம்டா. ஒண்ணுமே நடக்கல."

"நடக்குதோ இல்லியோ, நீ படி" என்றாள் வச்சலா அடுப்பங்கரையிலிருந்து. அவன் விரலை வைத்து வாய்க்குள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம்தான், பத்து நாளில் முதல்முறையாக, அவள் இஷ்டத்துக்குக் குழம்பு வைத்தாள்.

இரண்டாம் நாள் நீலமேகத்துக்கு ஒரு பிடி கிடைத்தது.

"வச்சலா, இங்க வா. இவங்கிட்ட ஒரு பையி கீது."

"எவங்கிட்ட?"

"மருதமுத்துகிட்ட. கேளு. 'மருதமுத்து பைய எந்திரிச்சான். பைய நடந்து கதவண்ட வந்தான். பைய கதவைச் சாத்தினான்.' பாத்தியா? எங்க போனாலும் அந்தப் பைய வுட மாட்றான். பொண்டாட்டி தூங்கறப்போ எடுத்துகினு போறான்."

"எடுத்துகினுன்னு எழுதலியே?"

"எழுதனவரு அவசரத்துல வுட்டுட்டாரு."

வச்சலா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும், நாலாவது வரைக்கும். அந்த வரியை அவளும் ஒருமுறை படித்துப் பார்த்தாள். பை இருப்பது மாதிரிதான் தெரிந்தது.

அதிலிருந்து வேகம் பிடித்துவிட்டது. பஸ் டிக்கெட்டைத் தாண்டினான், வேப்பிலையைத் தாண்டினான். "முடியல" என்று எழுதினவரைத் தாண்டிய அன்றைக்கு மோசஸுக்குச் சொல்லி அனுப்பினான். சாயங்காலமானால் மோசஸும் அவன் பெண்டாட்டி மேரியும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மேரிக்கு டவுன்ஷிப் நர்சரிப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. வரும்போதே வாசலிலிருந்து, "அண்ணே, பைய தொறந்தானா?" என்பாள்.

பையில் என்ன இருக்கிறது என்று ஆளுக்கொரு கட்சி. முதல் தாரத்தின் நகை என்றாள் வச்சலா. அவனுக்கு முதல் தாரம் இருந்ததாகப் புத்தகத்தில் எங்கும் இல்லை. இருந்தாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு குழந்தையின் சட்டை என்றாள் மேரி. மோசஸ் மனுசத் தலை என்றான்.

"தலன்னா நாறாது?"

"சுண்ணாம்பு போட்டு வெச்சிருப்பான். இன்னாத்துக்கு அவனுக்கு காளவா வேல குடுத்தாரு எழுதனவரு? யோசி."

நூற்று முப்பதாம் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரி பைய வந்தாள். "அய்யோ, பையி அவ கைக்குப் போயிட்சி!" என்று வச்சலா வாயில் கையை வைத்துக்கொண்டாள். நூற்று அறுபதில் தலையாரி பைய நழுவினான். "போலீசுக்குப் போயிட்சி" என்றான் மோசஸ். நூற்றுத் தொண்ணூறில் ஒரு கிழட்டு எருமை பைய எழுந்தது. நீலமேகம் அந்த வரியை மூன்று தரம் படித்துக் காட்டினான்.

"எருமைக்கு எதுக்கு பையி?" என்றாள் மேரி கடைசியில்.

"கொம்புல மாட்டி வுட்டுட்டான்" என்றான் நீலமேகம். சொல்லும்போதே அவன் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுப்பிரமணி பார்க்க வந்தான். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். பஸ்ஸில் முன் சீட்டில் வருகிற பிட்டர். ஒரு பொட்டலம் காராசேவு கொண்டுவந்திருந்தான். கட்டிலில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, இது எங்கூர்ப் பேச்சுல்லா! இதவா வாசிக்கீக?"

"நீ சொல்லு சுப்பிரமணி. அந்தப் பைல இன்னா கீது?"

"எந்தப் பை?"

நீலமேகம் பக்கத்தைக் காட்டினான். சுப்பிரமணி படித்தான். இன்னொரு தரம் படித்தான். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "அண்ணாச்சி, எங்கூர்ல பையன்னா மெதுவான்னு அர்த்தம். பைய எந்திரிச்சான்னா, மெள்ள எந்திரிச்சான்."

நீலமேகம் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்போ பையி?" என்றான் மோசஸ்.

"பையே கிடையாதுண்ணே."

மோசஸ் எழுந்தான். பீடி பற்ற வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றான். மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். முதலில் அழுகிறாளோ என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நீலமேகம் எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒரே கையில் தூக்கி வீசினான். அது நேராகப் போய், கூரை ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த அண்டாவில் விழுந்தது.

எல்லோரும் போன பிறகு வச்சலா புத்தகத்தை எடுத்துப் பிழிந்தாள். பக்கம் பக்கமாகப் பிரித்து அடுப்படியில் சூடு படுகிற இடத்தில் கருவாடு மாதிரி விரித்து வைத்தாள். திருப்பித் திருப்பிப் போட்டாள். காய்ந்ததும் அடுக்கி, மேலே அரிசிப் பானையை ஏற்றி வைத்தாள். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் கொண்டுவந்து அவன் வயிற்றின் மேல் போட்டாள். புத்தகம் இப்போது இன்னும் உப்பியிருந்தது. கொஞ்சம் மீன் வாசனையும் அடித்தது.

"வாணாம்மே. என்னால முடியாது."

"இருநூத்தி பத்து பக்கம் ஏமாந்துட்டு இப்ப வுட்டன்னா அப்ப நீதான் முட்டாளு. படி. மொதல்லேருந்து படி."

அவள் சொன்னதில் பாதி, அவன் மறுபடி அம்மிப் பக்கம் திரும்பிவிடுவானோ என்கிற பயம். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் ரோசம் வந்துவிட்டது. முதல் பக்கத்தைத் திறந்தான்.

பை இல்லாமல் படிப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு நாலு பக்கம் நகர்ந்தால் பெரிது. வெஞ்சனம் என்று வரும். யாரையோ வஞ்சம் தீர்ப்பதாக நினைத்துக்கொள்வான். சுப்பிரமணி வந்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறது என்பான். 'வெள்ளன' என்பதற்கு விடியற்காலை என்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருநாள் சுப்பிரமணியையே உரக்கப் படிக்கச் சொன்னான். அவன் இரண்டு பக்கம் அந்த ஊர் ராகத்தில் படித்தான். மூன்றாம் பக்கத்தில் ஒரு பனங்காட்டுப் பாதை வந்ததும் நிறுத்திவிட்டு, "தூசி விழுந்துட்டுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். மழை நாளில் என்ன தூசி? அதற்கப்புறம் நீலமேகம் மனசுக்குள் சுப்பிரமணியின் குரலில் படிக்கப் பழகினான். மருதமுத்து ஏன் மெதுவாக எழுந்து மெதுவாகக் கதவைச் சாத்துகிறான் என்பது அப்போதுதான் பிடிபட்டது. பெண்டாட்டி தூங்குகிறாள், எழுப்பக் கூடாது. அவ்வளவுதான். "நல்ல மனுசன்யா" என்று நீலமேகம் தனக்குள் சொல்லிக்கொண்டான். அவனும் விடியற்காலை சைக்கிளை அப்படித்தான் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போகிறவன்.

தீபாவளி வந்து போயிற்று. அம்சா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, அப்பா ஏன் ஊமையாகிவிட்டார் என்று கேட்டுவிட்டுப் போனாள். நானூற்று முப்பத்தோராம் பக்கத்தில் புத்தகம் திடீரென்று அந்தப் பெண்டாட்டி பக்கம் திரும்பியது.

அதுவரைக்கும் "சாப்பிடுங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவள். பேர்கூடச் சொல்லியிருக்கவில்லை. இப்போது அறுபது பக்கம், அவள் மனசுக்குள் ஓடுவது மட்டும். அவள் தூங்கவே இல்லையாம். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு விடியற்காலையும் கண்ணை மூடிக்கொண்டு முழித்தே கிடக்கிறாளாம். அந்த ஆள் பைய எழுந்து பைய கதவைச் சாத்துவதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டியிருக்குமே என்றுதான் திருடன் மாதிரிப் போகிறான் என்று நினைக்கிறாள். இருபது வருசமாக.

நீலமேகம் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் திருப்பினான். வச்சலா அரிவாள்மணையில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செதில் பறந்து அவள் கன்னத்தில் ஒன்று ஒட்டியிருந்தது.

"வச்சலா."

"உம்."

"இன்னா நெனைச்சிகினு கீற?"

"மீனு ஆஞ்சிகினு கீறேன். கண்ணு தெரியல?"

"அதில்லமே. மனசுல. மனசுல இன்னா நெனைச்சிகினு கீற?"

கை நின்றது. வச்சலா அவனை மேலும் கீழும் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. குடையைக்கூட எடுக்காமல் மேரி வீட்டுக்கு ஓடினாள்.

"முட்டக் கட்டு சூடு தலைக்கு ஏறிட்சி" என்றாள் மேரி. "வெந்தயம் அரைச்சி வை."

உச்சந்தலையில் வெந்தய விழுதை அப்பிக்கொண்டு படுத்திருந்த நீலமேகம் அன்று சாயங்காலம் மறுபடி கேட்டான். மறுநாள் காலையில் கேட்டான். "நா காலைல சைக்கிள எடுக்கறப்போ நீ முழிச்சிகினா கீற?" என்று கேட்டான். வச்சலா இன்னும் கொஞ்சம் வெந்தயம் ஊறப்போட்டாள்.

அதற்கடுத்த நாள் மத்தியானம். வெளியே நல்ல மழை. அவள் கொல்லைப் பக்கத்திலிருந்து நனைந்த விறகைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள், ஊதி ஊதிப் பார்த்தாள், பற்றவில்லை. கண்ணெல்லாம் புகை. அந்த நேரம் பார்த்து நீலமேகம், "இப்ப இன்னா நெனைச்சிகினு கீற?" என்றான்.

வச்சலா ஊதுகுழலைத் தூக்கிப் போட்டாள்.

"சொல்லட்டா? சொல்லட்டாயா? கேட்டுக்குவியா? நா ரேசன் வாங்கிகினு வருவனே. தலைல அரிசி மூட்ட, கைல கெரசின் டின்னு. ரெண்டு மைலு. பின்னாடி உன் பஸ்ஸு வரும். பாதி சீட்டு காலியா இருக்கும். பாம் பாம்னு ரெண்டு தபா ஆரன் அடிச்சிட்டு போவியே, அப்போ எனக்கு எப்பிடி எரியும் தெரியுமா?"

நீலமேகம் திகைத்துப்போனான். "அது... உன்ன பாத்துட்டேன்னு சொல்றதுக்கு. ஆசைலமே."

"ஆசையா? சேத்த வாரி பொடவைல அடிச்சிட்டு ஆரன் வேற. ஸ்டாஃபு மட்டும்தான் ஏறணும்னு ரூலு. சரி. ரூலுன்னா சும்மா போ. நாலு பேரு ஜன்னல்ல எட்டிப் பாக்கறாங்க, டிரைவரு பொண்டாட்டி நடந்து போறான்னு."

அவன் வாயைத் திறந்தான்.

"பேசாத. கேட்ட இல்ல? கேளு. போன வருசம் மேரி வந்து நர்சரில ஆயா வேல காலியா கீது, வச்சலாவ அனுப்பறியான்னு உன்ன கேட்டா. நீ இன்னா சொன்ன? 'அதுக்கு வூட்டு வேலையே சரியா கீது' ன்ன. நா உள்ளதான் கீறேன். கஞ்சி வடிச்சிகினு கீறேன். என்ன ஒரு வார்த்த கேட்டியா? அம்சா போனப்புறம் இந்த வூட்ல எனக்கு இன்னா வேல கீது? ரெண்டு தட்டு, ஒரு சட்டி. பத்து மணிக்கு முடிஞ்சிடும். அப்பால சொவுத்த பாத்துகினு குந்தணும். எங்க நைனா செத்தப்போ மத்தியானமே டூட்டிக்கு போய்ட்ட. போயிட்டு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்த, வச்சலா அழவே இல்ல, தைரியசாலின்னு. நா எங்க அழல? நீ பாக்கல. பஸ்ல கீற."

மழை கொஞ்சம் வலுத்தது. அவள் அதற்கு மேல் குரலை ஏற்றினாள். வருசா வருசம் அவன் வாங்கி வருகிற கத்திரிப்பூ கலர் புடவை; அந்தக் கலரை அவள் கல்யாணத்தன்று நன்றாயிருக்கிறது என்று சொன்னது மாமியாருக்குப் பயந்து. மாடு விற்றது, அதன் பேர் சின்னப்பொண்ணு, விற்ற அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, அவன் சாப்பிட்டான். ஒன்று போய் இன்னொன்று வந்துகொண்டே இருந்தது. நீலமேகத்துக்கு எழுந்து ஓடலாம் போல இருந்தது. கட்டிலை விட்டு எங்கே ஓடுவது?

"அப்பால மத்தியானத்துல கால்வா கரைக்கு போய் குந்திக்குவேன்" என்றாள். குரல் இப்போது தணிந்திருந்தது. "தோணி போவும். சவுக்குக் கட்டை ஏத்திகினு மெட்ராசுக்கு போவும். நல்லா இருக்கும் பாக்கறதுக்கு. ஒரு தோணிக்காரரு என்ன பாத்தா கைய ஆட்டுவாரு."

"எவன் அவன்?" நீலமேகம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். காலில் மின்னல் வெட்டியது. "அய்யோ... யம்மா..."

"கெழவருய்யா. பல்லு கூட இல்ல. பேரு தெரியாது." வச்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நானும் கைய ஆட்டுவேன்."

அன்றைக்கு அடுப்பு பற்றவே இல்லை. மூன்று மணிக்கு இரண்டு பேரும் பழைய கஞ்சியைக் குடித்தார்கள். தொட்டுக்கொள்ள வெங்காயம்.

"எனக்குத் தெரியாதுமே" என்றான் நீலமேகம் கஞ்சிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு.

"நீ கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லி இருப்பியா?"

வச்சலா யோசித்தாள். "மாட்டேன்" என்றாள் கடைசியில். "கேட்டப்போ வெந்தயம்தான அரைச்சேன்."

சாயங்காலம் மேரி வந்தபோது, நர்சரி விஷயமாகப் பேசலாம் என்று நீலமேகம் தொண்டையைக் கனைத்தான். வச்சலா முந்திக்கொண்டாள். "நீ சும்மா இரு. நானே கேட்டுக்கறேன்." கேட்டாள். அடுத்த திங்கட்கிழமை மேரியோடு போய் நர்சரியைப் பார்த்துக்கொள்கிற சியாமளா டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆயா ஒருத்தி பொங்கலோடு நின்றுவிடப் போகிறாள்; தை மாசம் வரச் சொல்லியிருந்தார்கள்.

புத்தகம் இன்னும் முந்நூறு பக்கம் இருந்தது. இப்போது நீலமேகம் யாரும் சொல்லாமலே படித்தான். நடுவில் பஞ்சம் வந்தது. காளவாசலை மூடினார்கள். மருதமுத்து ஊர் ஊராகப் போனான். ஒரு எண்பது பக்கத்துக்கு அவன் காலில் ஒரு புண். படிக்கிறவனுக்கே சலித்துப்போகும் அளவுக்கு அந்தப் புண் ஆறவில்லை. நீலமேகம் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் தாண்டினான். வச்சலா குறுக்கும் நெடுக்கும் போகும்போது, "இன்னா ஆச்சி? கேட்டானா அவள?" என்பாள்.

"இன்னும் கேக்கல."

"எப்பதான் கேப்பானாம்?"

"தெரியல. நூறு பக்கம் கீது."

கட்டுப் பிரிக்கப் புத்தூர் போவதற்கு முந்தின நாள் காலையில், வச்சலா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, கட்டில் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். நீலமேகம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"இன்னாய்யா? செத்துட்டானா?"

தலையை ஆட்டினான், இல்லை என்று.

"அவ செத்துட்டாளா?"

"யாரும் சாவல."

"அப்பால?"

"வூட்டுக்கு திரும்பி வந்துட்டான். ஏழு வருசம் கழிச்சி. துன்றதுக்குன்னு ஒண்ணும் கொண்டாரல. வாசல்ல நிக்கிறான். அவ வந்து பாக்கறா." மூக்கை உறிஞ்சினான். "'சாப்பிடுங்க' ன்றா. அவ்ளோதான். முடிஞ்சிபோச்சி."

"சோறு துன்ன கூப்புட்றதுக்கா அழுவுற?"

"உனக்குத் தெரியாதுமே. அதுல இன்னா கீதுன்னு உனக்குத் தெரியாது. எண்ணூத்திப் பன்னெண்டு பக்கமும் படிக்கணும் அதுக்கு."

வச்சலா அந்தக் கடைசிப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆனால் புத்தகத்தை உடனே திருப்பிக் கொடுக்கவும் இல்லை. "அவன் கேக்கவே இல்லையா, கடைசி வரிக்கும்?" என்றாள்.

"கேக்கல."

"அவளும் சொல்லல."

"சொல்லல."

"ரெண்டும் ரெண்டு கழுதைங்க" என்றாள் வச்சலா. சொல்லிவிட்டு அவன் பக்கத்தில், கட்டில் கயிறு தாழத் தாழ, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

தை பிறந்து நாலாம் நாள் நீலமேகம் மறுபடி பஸ்ஸில் ஏறினான். பிரேக்கை மிதிக்கும்போது கால் லேசாக முனகியது, பாதகமில்லை. மணமை ஸ்டாப்பில் வழக்கமான ஆறேழு பேர் நின்றார்கள். கடைசியில் மேரியோடு வச்சலா நின்றாள். துவைத்து மடித்த மஞ்சள் புடவை, கையில் தூக்குச் சட்டி. நர்சரியில் வாங்கிக் கொடுத்த பாஸை ரவிக்கையிலிருந்து எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏறுமே, எனக்கு இன்னாத்துக்கு காட்ற?"

"ரூலுன்னா ரூலு. பாரு."

அவன் பார்த்தான். பேர், வயசு, ஆயா என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. முன் சீட்டில் இருந்த சுப்பிரமணி எழுந்து, "மதினி, இங்கன உக்காருங்க" என்றான். வச்சலா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நேராகப் பின்னால் போனாள். மேரியோடு கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நீலமேகம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏன்யா நிக்கிற? போ, நேரமாவுது!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பஸ் முழுக்கச் சிரித்தது.

கியர் போட்டு எடுத்தான். குன்னத்தூர் தாண்டுகிறபோது வச்சலா மேரியின் காதில் என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, நீலமேகம் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.